நேற்றைய திகதிக்கு எடுத்த சீட்டு

தம்பி,

"அண்டைக்கும் விளங்கினதோ, அம்மா?" என்று நேற்று மாலை லா சப்பல் மெத்ரோ நிலைய வாசலில் நின்று கேட்டாய். தலைக்கு மேலே பாலத்தில் வண்டி ஒன்று இரைந்துகொண்டு போனது. நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாய். நீ கேட்டது எந்த நாளைப் பற்றி என்பதில் நம் இருவருக்கும் சந்தேகமில்லை. அப்போது உனக்கு ஒன்பது வயது. அப்பா நோயாகக் கிடந்த ஆஸ்பத்திரி. இன்று காலையில் இருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன், இப்போதும் பதில் தெரியவில்லை. விளங்கினது என்றால் அது முழு உண்மை ஆகாது. விளங்கவில்லை என்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நீ தமிழை வாசிப்பாய் என்பதே எனக்கு நேற்றுத்தான் நிச்சயமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை நீ தொலைபேசியில் அழைத்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் நீ சுற்றுலாக்காரரை ஏற்றி ஓட்டும் வானில் எட்டு இருக்கைகளில் ஒன்று காலியாகிவிட்டது, பாரிசைச் சுற்றிப் பார்க்க வருகிறீர்களா என்று வழக்கம்போல் பிரெஞ்சில் கேட்டாய். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாய். நான் உன் அம்மா என்று யாருக்கும் சொல்லக் கூடாது. தெரிந்தால் கனடாவில் இருந்து வருகிற சனம் அரண்மனையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உன் சாதகத்தைக் கேட்கத் தொடங்கிவிடும் என்றாய். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. இந்த நகரத்தில் பதினெட்டு வருடம் இருந்திருக்கிறேன். அதன் கோபுரங்களை நான் பார்த்ததெல்லாம் விடியற்காலையில் துடைத்த அலுவலகங்களின் ஜன்னல்களால்தான். பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள், வசிக்கும் ஊரின் ஆற்றை ஒரு நாளும் நடந்து பார்க்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் இம்முறையும் மறுத்திருப்பேன். ஆனால் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் முடிவு சொல்வதாக இருந்தது. மார்பில் இருந்த கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. உனக்குச் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. செவ்வாய்க்கு முன் ஒரு ஞாயிறு குறுக்கே கிடந்தது. அதை வீட்டுக்குள் இருந்து கழிக்கத் துணிவில்லாமல் வருகிறேன் என்றேன்.

ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில், மரக்கறிப் பெட்டிகளுக்கும் சேலைக்கடைக்கும் நடுவில், நீ வானை நிறுத்தி வைத்திருந்தாய். கனடாக் குடும்பம் ஐந்து பேர், சென்னையில் இருந்து வந்த ஓர் இளம் தம்பதி, நான். "வணக்கம், எல்லாரும் சாப்பிட்டிட்டீங்களோ? இண்டைக்குக் கன தூரம் நடக்க வேணும், பிறகு கால் நோகுது எண்டு என்னைத் திட்டக் கூடாது" என்று நீ தொடங்கினாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் வானின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வருடமாக எனக்கு ஒரு முழு வசனம் தமிழில் சொல்லாத பிள்ளை, முன்பின் தெரியாத ஏழு பேருக்குத் தமிழை அள்ளி வைத்தாய். சட்டைப்பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்துப் புரட்டியபோது, அதில் அரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்ததைக் கண்டேன். ஆறு வயதில் சமையலறை மேசையில் நான் எழுதப் பழக்கிய அதே எழுத்து. உன் 'ழ' இன்னும் இடப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

கனடாக் குடும்பத்தின் பெரியவள் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அக்கா என்று கூப்பிடச் சொன்னாள். "தங்கச்சி, தனியவோ வந்தனீங்கள்?" "ஓம்." "அவர் வரேல்லையோ?" "இல்லை." "வேலையாக்கும், என்ன?" நான் அதற்கும் ஓம் என்றேன். உன் அப்பா இறந்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவரை மறுபடி வேலைக்கு அனுப்பிவிட்டேன். அவள் உன்னைத் தாடையால் சுட்டினாள். "பெடியன் நல்ல வடிவாக் கதைக்கிறான். ஊரில படிச்சிட்டு வந்தவனோ?" இங்கேதான் வளர்ந்தவராக இருக்கும் என்றேன். "சும்மா விடுங்கோ. என்ர ரெண்டுக்கும் வீட்டில அடிச்சு அடிச்சுத் தமிழ் படிப்பிச்சனான். அதுகள் ரைஸ் வேணுமெண்டு கேக்குதுகள். இவன் ஆர் பெத்த பிள்ளையோ, குடுத்து வைச்சவ." உன் நிபந்தனையைக் காப்பது அந்த ஒரு நேரம் மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உன் வேலையைப் பற்றி நான் இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இரண்டாம் வருடத்தோடு சட்டப் படிப்பை விட்டுவிட்டு வான் ஓட்டப் போகிறேன் என்று நீ சொன்ன நாளில், அது வேலையில்லை, வேடிக்கை காட்டுவது என்றேன். ஊரில் கேட்பவர்களுக்கு நீ ஒரு சுற்றுலாக் கம்பெனியின் அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு எதையும் சுலபத்தில் நம்ப வராது, கோயிலையும் சேர்த்துத்தான். ஆனால் பிள்ளையின் வேலையைப் பார்க்காமலே அவநம்பிக்கைப்படுவது அறிவில் சேர்த்தி இல்லை. வெறும் வீம்புதான். நேற்றுப் பார்த்தேன். எட்டுப் பேரில் யாருக்குக் கால் நோகிறது, யாருக்குச் சலிக்கிறது, யார் கேள்வி கேட்க வெட்கப்படுகிறார்கள் என்று பேசிக்கொண்டே கணக்கெடுக்கிறாய். பாலத்தடியில் சென்னைக்காரர் கேட்டார்: "ப்ரோ, இது எந்த செஞ்சுரி?" "நானூறு வருசம் கடந்திட்டுது அண்ணா. பேர் புதுப் பாலம். ஆனா ஆத்தில இருக்கிற பாலங்களுக்குள்ள இதுதான் பழசு." "நம்ம ஊரு புது பஸ் ஸ்டாண்டு மாதிரின்னு சொல்லுங்க!" அவர் மனைவி படம் எடுப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நீயும் உன் அப்பா சிரிப்பதுபோல் தோள் குலுங்கச் சிரித்தாய்.

பிறகு அந்தப் பழைய சிறைச்சாலையின் முன்னால் நின்றோம். புரட்சிக்கு முந்திய கடைசி அரசியை இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள், இங்கிருந்துதான் வண்டியில் ஏற்றித் தலை வெட்டக் கொண்டுபோனார்கள் என்றாய். "ஐயோ பாவம், பிள்ளையள் இருந்ததோ?" என்றாள் கனடா அக்கா. "இருந்தது. மகனுக்கு எட்டு வயசு. வழக்கில தாய்க்கு எதிரா அவனைக்கொண்டு சொல்லுவிச்சவை. பெரிய ஆக்கள் சொல்லச் சொன்னதை அந்தப் பிள்ளை சொன்னது, அவ்வளவுதான்." "சொன்ன பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது?" நீ கொப்பியை மூடினாய். "அவனும் கன காலம் இருக்கேல்லை." அந்த இடத்தில் நீ என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் குழுவுக்கும் இதைத்தான் சொல்வாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவே இருக்கலாம்.

அதன் பின்னால்தான் வண்ணக் கண்ணாடித் தேவாலயத்துக்குப் போனோம். சென்னைத் தம்பதி வந்ததே அதைப் பார்க்கத்தான். நீ சீட்டைக் காட்டினாய். வாசலில் நின்றவர் மரியாதையாகத்தான் சொன்னார்: ஐயா, இது நேற்றைய திகதிக்கு எடுத்த சீட்டு, இன்றைக்கு எல்லா நேரமும் நிரம்பிவிட்டது, நான் ஒன்றும் செய்ய முடியாது. நீ ஒருமுறை சீட்டைப் பார்த்தாய். பிறகு எங்கள் பக்கம் திரும்பினாய். திரும்புவதற்கு எடுத்த அந்த அரை நிமிடத்தில் உன் முகம் வழித்துத் துடைத்ததுபோல் சுத்தமாகிவிட்டது. "உள்ளுக்கை திடீரெண்டு திருத்த வேலையாம், ஒருத்தரையும் விடேல்லை. பரவாயில்லை, ஆத்துக்கு அந்தப் பக்கம் போனா இதைவிட வடிவா ஒண்டு காட்டுறன். சாப்பாட்டுக்குக் கட்டின றோல்ஸ் ஆறுறதுக்குள்ள போவம்." கனடா அக்காவுக்குப் படியேறத் தேவையில்லை என்பதில் சந்தோசம். சென்னைக்காரி மட்டும், "அதுக்காகத்தானே வந்தோம்" என்று மெல்லச் சொன்னாள். நீ அவளுக்கு இன்னும் இனிமையாக ஏதோ சொன்னாய். எட்டுப் பேரில் வாசற்காரர் சொன்னது விளங்கியவள் நான் ஒருத்திதான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒரு கெட்ட செய்தி உன் காது வழியாகப் போய் வாய் வழியாக நல்ல செய்தியாக வெளியே வரும்போது இருக்கும் முகம் அது. அதை நீ சுற்றுலாத் தொழிலில் பழகவில்லை. என்னிடம் பழகினாய்.

ஆற்றங்கரையில் கடதாசியை விரித்து றோல்ஸ் சாப்பிட்டோம். சாம்பல் நிற வெளிச்சம், சாம்பல் நிறத் தண்ணீர். அக்கா தன் கையால் எனக்கு இரண்டாவது றோல்ஸை வைத்து, "வடிவாச் சாப்பிடுங்கோ, முகம் வாடிப்போய் இருக்கு" என்றாள். நான் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

லா சப்பலுக்குத் திரும்பி எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, மெத்ரோ வரை என்னோடு நடந்து வந்தாய். எப்படி இருந்தது என்று பிரெஞ்சில் கேட்டாய். நன்றாக இருந்தது என்றேன். சீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எப்படி என்று தெரியவில்லை, செவ்வாய்க்கிழமை பற்றிச் சொல்லிவிட்டேன். கட்டி, ஊசி, பத்து மணி. நீ நின்றுவிட்டாய். நானும் வருகிறேன் என்றாய், பிரெஞ்சில். நான் உடனே, "வேண்டாம், எனக்கு விளங்கும்" என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வேலையைக் குழப்பாதே என்றிருக்கலாம். என் வாயில் வந்தது அதுதான். அப்போதுதான் நீ அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டாய்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். நமது ஆட்களின் முக்கியமான சந்திப்புகள் எல்லாம் அந்தக் காலத்தில் புதன்கிழமைகளில்தான் இருக்கும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள். வதிவிட அனுமதி தரும் பிரெஃபெக்சருக்கு, வங்கிக்கு, மின்சாரக்காரனுக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று எல்லாவற்றுக்கும் புதனே கேட்போம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய், அதன் வாயால் பேசுவோம். நீ கெட்டிக்காரன். மேல்மாடி அன்ரி கூட உன்னை இரவல் வாங்கிப் போய்ச் சொக்லேட்டோடு திருப்பித் தருவார். எனக்கு அதில் பெருமை. வந்து மூன்று வருடம் ஆகியும் நான் பிரெஞ்சு பேசாமல் இருந்ததற்கு வேலையும் களைப்பும் காரணம் என்று சொல்லி வந்தேன். உண்மை வேறு. பட்டதாரியான நான் பிழையாகப் பேசி, கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சிரிப்பதைப் பார்க்க விரும்பவில்லை. நீ பேசினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். என் மானத்தை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்தேன்.

அன்று டொக்டர் எங்களை ஒரு சின்ன அறையில் இருத்தினார். பிரெஞ்சு தெரிந்த பெரியவர்கள் யாரும் இல்லையா, மொழிபெயர்க்க ஓர் ஆளை அழைக்கலாமா என்று அவர் கேட்டதை நீ என்னிடம் சொன்னாய். நான் உன்னை முன்னால் தள்ளி, "தேவையில்லை, நீயே சொல்லு" என்றேன். அவர் உன் உயரத்துக்குக் குனிந்து மெதுவாகப் பேசினார். நிறையப் பேசினார். அதில் எனக்குப் பிடிபட்டவை இரண்டு சொற்கள். துருவா முவா. மூன்று மாதம். என்னைப்போல் காகிதத்துக்குக் காத்திருந்த யாருக்கும் இந்த நாட்டில் முதலில் மனப்பாடமாவது அந்த இரண்டு சொற்கள்தான். தற்காலிக வதிவிட அனுமதித் துண்டை மூன்று மாதத்துக்கு நீட்டித் தருவார்கள், முடிந்ததும் மறுபடி மூன்று மாதம். உன் அப்பா மூன்று மாதத் துண்டுகளில்தான் இந்த நாட்டில் வாழத் தொடங்கினார். நீ திரும்பினாய். முகம் துடைத்ததுபோல் இருந்தது. "மூண்டு மாசத்தில சுகம் வந்திடும் எண்டு சொல்றார், அம்மா" என்றாய்.

நான் டொக்டரின் முகத்தைப் பார்த்தேன். சுகம் வரும் என்று சொல்கிற மனிதனின் முகம் அதுவல்ல. இதைத்தான் நீ கேட்கிறாய், இதற்குத்தான் எனக்கு விடை இல்லை. காதுக்கு மூன்று மாதம் கேட்டது. கண்ணுக்கு அவர் முகம் தெரிந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒரு வினாடி போதும். அந்தக் கூட்டலை நான் செய்யவில்லை. நீ தந்ததை எடுத்துக்கொண்டேன், நன்றி சொல்லக்கூடச் செய்தேன். மொழிபெயர்க்க ஆளை அழைக்கச் சொல்லியிருக்கலாம், மறுநாள் அகராதியோடு தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை. உன் பொய் எனக்குத் தேவைப்பட்டது. வாரக்கணக்காக அப்பாவின் கட்டிலடியில் இருந்து, சுகம் வந்ததும் எங்கே வேலை தேடலாம் என்று அவரோடு கதைத்தேன். நீ சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்று கேட்டாய். அந்த அறையில் உண்மை தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று நீ நினைத்துக்கொண்டு நின்றாய்.

பதினோராவது வாரம் அவர் போனார். அன்று வீடு நிறைய ஆட்கள். நான் உன் தோளைப் பிடித்து உலுக்கி, எல்லார் முன்னாலும், "மூண்டு மாசத்தில சுகம் வரும் எண்டெல்லோ நீ சொன்னனீ?" என்று கத்தினேன். நீ அழவில்லை. "பார்தோன்" என்றாய், மன்னித்துக்கொள் என்று. வீட்டுக்குள் என்னிடம் நீ சொன்ன முதல் பிரெஞ்சுச் சொல் அது. அதற்குப் பிறகு தமிழ் வரவில்லை. இங்கே வளரும் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் என்று மற்றவர்கள் ஆறுதல் சொன்னபோது, நானும் அதையே காரணமாகப் பிடித்துக்கொண்டேன். அது காரணம் இல்லை என்று நேற்று வானுக்குள் இருந்து நாலு மணிநேரம் கேட்டேன்.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்குக் கொஞ்சந்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சமாகவே சொல்கிறேன். உனக்குப் பிள்ளைகள் வந்தால், பெரியவர்களின் செய்தியை அவர்களைக்கொண்டு சொல்விக்காதே. தெரியாததைத் தெரியாது என்று நீயே கேள், பிழையாகக் கேள், மற்றவர் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தச் சென்னைப் பெண்ணுக்குச் சீட்டின் திகதி பிழைத்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அவள் கொஞ்சம் கோபப்பட்டிருப்பாள், பிறகு ஆறியிருப்பாள். மனிதர்கள் கெட்ட செய்தியைத் தாங்குவார்கள் என்று நீ நம்பாததற்குக் காரணம் நான்தான். தாங்கமாட்டாதவளாக உன் முன்னால் நடந்து காட்டியவள் நான். அந்தப் பொய்க்காக நீ மன்னிப்புக் கேட்டாய், பிள்ளை. கேட்டிருக்க வேண்டியவள் நான். பதினைந்து வருடம் பிந்தி, இப்போது கேட்கிறேன்.

நாளைக்கு வராதே என்று சொன்னது உனக்குச் சிரமம் தரக் கூடாது என்பதற்காக அல்ல. அந்த அறையில் நீ மறுபடி என் பக்கம் திரும்பினால், நான் உன் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் நீ தருவதையே எடுத்துக்கொள்வேனோ என்று பயம். எனக்கு இப்போது பிரெஞ்சு நன்றாகத் தெரியும், நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் அதிலேயே சண்டை பிடிக்கிறேன். ஆனால் விளங்காமல் இருக்க விரும்புகிறவளை மொழி ஒன்றும் செய்ய முடியாது. இதை மடித்து உறையில் இடுகிறேன். எப்போது தருவேன் என்று தெரியாது.

செவ்வாய்க்கிழமை.

நடந்ததை அப்படியே எழுதி இதோடு சேர்த்து வைக்கிறேன். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்க நான் போனபோது, ஆஸ்பத்திரி வாசலில் நீ நின்றாய். சவரம் செய்திருக்கவில்லை. ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை. அப்பா இருந்த அதே ஆஸ்பத்திரி, வேறு கட்டடம். கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது, நான் எடுக்கவில்லை. உள்ளே டொக்டர் ஓர் இளம் பெண். எனக்கு நேரே பார்த்து, தெளிவாக, அவசரமில்லாமல் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. முடித்துவிட்டு, ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றாள். நான் மேசையில் இருந்த கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நீ இருந்த கதிரையை என் பக்கம் திருப்பினாய். முகம் துடைக்கப்படவில்லை. "அம்மா, அவ சொல்றா, அது புற்றுநோய்தானாம். கைக்குக் கீழையும் பரவியிருக்காம். முதல் ஆறு மாசம் மருந்து ஏத்த வேணும், பிறகுதான் வெட்டி எடுக்கலாமோ எண்டு பாக்கலாமாம்." மேசைக் கடதாசியை என் பக்கம் தள்ளினாய். "சுகம் வரும் எண்டு அவ சொல்லேல்லை, அம்மா. வராது எண்டும் சொல்லேல்லை."

"ஓம்," என்றேன். "விளங்கினது."